25ஆம் நாளில் திரும்பிய பருவம்: மேச்சேரி செம்மறி மந்தையொன்றில் தொடக்கச் சினை இழப்பு

பின்னணி

கரூர் மாவட்டம் அரவக்குறிச்சி வட்டத்தில், கொறங்காட்டு மேய்ச்சலை நம்பி 46 மேச்சேரிப் பெட்டை ஆடுகளையும் 2 கிடாக்களையும் வளர்த்துவரும் ஒரு குடும்பத்தின் மந்தையில் ஒரு கோடையில் நேர்ந்ததை, அதைப் பார்த்த கால்நடை மருத்துவராக இங்கே பதிவு செய்கிறேன். கொறங்காடு என்பது கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப்புல்லை வளரவிட்டு, ஊடே வெள்வேல மரங்களை நிறுத்தி வைத்திருக்கும் மானாவாரி மேய்ச்சல் நிலம். கோடையில் புல் காய்ந்து போனாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளுக்குத் தீனியாகிவிடும் என்பதால், இந்த வறண்ட பகுதியில் செம்மறி வளர்ப்பு தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. மேச்சேரி ஆடு செம்பழுப்பு நிறமும் குட்டை மயிரும் உடைய இறைச்சி இனம். பெரும்பாலும் ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஆகவே ஓர் ஆடு ஒரு சினையை இழந்தால் அந்த ஈத்தே போய்விடுகிறது.

மந்தைக்கு உரியவர் ஐம்பது வயதைக் கடந்தவர். சந்தை, விற்பனை, கடன் எல்லாம் அவர் பொறுப்பு. ஆடுகளோடு நாள் முழுவதும் நிற்பவர் அவருடைய மனைவி. எந்த ஆட்டோடு எந்த நாளில் கிடா சேர்ந்தது என்பதை அவர் மாதக் காலண்டரின் தேதிக் கட்டங்களில் பென்சிலால் எழுதிவருகிறார். ஆடுகளுக்குக் காது எண் கிடையாது. கூழைக்காது, நெற்றிச்சுட்டி, ஒற்றைக்காம்பு என்று அடையாளப் பெயர்களே உண்டு. அந்தக் காலண்டர் இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஆய்வை எழுதவே முடிந்திருக்காது.

என்னிடம் வந்த முறையீடு

மே மாத முதல் வாரத்தில் கணவரும் மனைவியும் என்னைத் தேடி வந்தார்கள். "கிடா நல்லாத்தான் சேருதுங்க, சினைதான் தங்க மாட்டேங்குது. கிடாயை மாத்திப்போடலாங்களா?" என்று கணவர் கேட்டார். கிடாக்களில் ஒன்றை விற்க விலையும் பேசி முடித்திருந்தார். பருவத்துக்குத் திரும்பிய, அதாவது சினை தங்காமல் மீண்டும் கிடா தேடிய, ஆடுகளுக்கெல்லாம் சினை தங்குவதற்கு ஓர் ஊசி போட வேண்டும் என்பதும் அவருடைய எதிர்பார்ப்பு. மனைவி அப்போது எதுவும் பேசவில்லை. காலண்டரைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்ட பிறகுதான், "நாள் கணக்கு ஒரே மாதிரி வரலைங்க, அதுதான் எனக்குப் புரியலை" என்றார். முழுச் சிக்கலும் அந்த ஒரு சொல்லில் இருந்தது என்பதை நான் உணர மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 15 அன்று கிடாக்கள் மந்தையில் விடப்பட்டன. மார்ச் 16 முதல் ஏப்ரல் 1 வரையிலான 17 நாட்களில் 38 ஆடுகள் கிடா சேர்ந்ததாகக் குறிப்பு இருந்தது. மீதி 8 ஆடுகளில் சில குட்டிக்குப் பால் கொடுத்து இளைத்துப் போனவை, சில முதுமையடைந்தவை. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த 38 ஆடுகளில் 21 மீண்டும் பருவத்துக்கு வந்துவிட்டன.

நாள் கணக்கை ஏன் முதலில் பார்த்தேன்

செம்மறியின் பருவச் சுழற்சி சராசரியாக 17 நாள். 14 முதல் 19 நாள் வரை இயல்பு என்று கொள்ளலாம். கிடா சேர்ந்தும் கரு உருவாகவில்லை என்றால் ஆடு அந்த இடைவெளியிலேயே பருவத்துக்குத் திரும்பும். கரு உருவாகிச் சில நாட்களிலேயே அழிந்துவிட்டாலும் அதே இடைவெளிதான். ஏறத்தாழ 12 அல்லது 13ஆம் நாளைக் கடந்து கரு உயிரோடு இருந்து, அதன் பிறகு அழிந்திருந்தால் மட்டுமே பருவம் தள்ளிப்போகும்.

இந்த 12ஆம் நாள் என்ற எல்லை ஆய்வில் உறுதிசெய்யப்பட்ட ஒன்று. கேம்பிரிட்ஜில் மூர், ரௌசன் ஆகிய இருவரும் 1966இல் வெளியிட்ட ஆய்வுகளில், சினை ஆடுகளின் கருப்பையிலிருந்து வெவ்வேறு நாட்களில் கருவை அகற்றிப் பார்த்தார்கள். 12ஆம் நாள் வரை அகற்றப்பட்ட ஆடுகள், சினையே ஆகாதவை போல உரிய நாளில் பருவத்துக்கு வந்தன. 13ஆம் நாளோ அதற்குப் பின்னரோ அகற்றப்பட்டவற்றில் சுழற்சி நீண்டது. தாயின் உடல் சினையை அறிந்துகொள்ளும் நாள் அதுவே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

அதன் காரணம் பின்னர் தெளிவாயிற்று. கருமுட்டை வெளியான இடத்தில் சினைப்பையில் உருவாகும் மஞ்சள் திரள்தான் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து சினையைத் தாங்குகிறது. சினை இல்லாவிட்டால், 15ஆம் நாளை ஒட்டிக் கருப்பையின் உள்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைத் துடிப்புத் துடிப்பாக வெளியிட்டு அந்தத் திரளை அழித்துவிடும். இதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு கருவினுடையது. கரு 3 அல்லது 4ஆம் நாளில் கருக்குழாயிலிருந்து கருப்பைக்குள் இறங்குகிறது. 8 அல்லது 9ஆம் நாளில் தன் உறையை விட்டு வெளியேறுகிறது. 11, 12ஆம் நாட்களில் மிகச் சிறிய உருண்டையாக இருந்தது, அடுத்த சில நாட்களுக்குள் நூல்போல நீண்டு, 15ஆம் நாள் வாக்கில் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. இவ்வாறு நீளும்போதே இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம், ஆக்சிடோசின் என்ற ஹார்மோனுக்கு மறுமொழி தரும் ஏற்பிகள் கருப்பைச் சுவரில் உருவாகாமல் தடுப்பதால், மஞ்சள் திரளை அழிக்கும் துடிப்பு எழாமல் போகிறது. கரு நீளாவிட்டால் இந்தச் செய்தி போதிய அளவில் தாய்க்குச் சென்று சேராது.

'கரு பதிதல்' என்ற சொல்லை மனிதருக்கும் ஆட்டுக்கும் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். ஆட்டில் அது வேறு வகையானது. செம்மறியின் கரு கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே செல்வதில்லை. 16ஆம் நாள் வாக்கில்தான் சுவரோடு உறுதியாக ஒட்டத் தொடங்குகிறது. அதுவரை கருப்பைச் சுரப்பிகளின் நீரை உண்டு மிதந்துகொண்டிருக்கிறது. பிறகு கருப்பையின் உள்சுவரில் பொத்தான்கள் போல வரிசையாக இருக்கும் மேடுகளோடு பிணைந்து நஞ்சுக்கொடியாக வளர்கிறது. கிடா சேர்ந்ததிலிருந்து மூன்று வாரத்துக்கும் மேலாக, சினை என்பது மிகத் தளர்வான ஓர் ஒட்டுறவாகவே இருக்கிறது. அந்த நாட்களில் அழியும் கரு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். கருச்சிதைவு என்று சொல்லத்தக்க எதையும் பட்டியில் காண முடியாது.

காலண்டர் காட்டியது

திரும்பிய 21 ஆடுகளில் 6 மட்டுமே 15 முதல் 19 நாட்களுக்குள் பருவத்துக்கு வந்தவை. மற்ற 15 ஆடுகளும் 23 முதல் 34 நாட்களுக்குள் திரும்பியிருந்தன. கிடாயின் மீது இருந்த ஐயத்தை இந்த ஒரு கணக்கே பெருமளவு விலக்கியது. விந்தில் குறை இருந்தால் ஆடுகள் 17 நாள் இடைவெளியில் திரும்பியிருக்க வேண்டும். 38இல் 6 என்பது எந்த மந்தையிலும் எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். ஆனாலும் இரு கிடாக்களையும் சோதித்தேன். விதைப்பைகள் ஒரே அளவாகவும் உறுதியாகவும் இருந்தன. வீக்கமோ கட்டியோ இல்லை. விற்க வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

சுழற்சியொன்றில் பருவம் கண்ணுக்குத் தப்பியிருந்தால் 34 நாளில் திரும்பியதாகத் தோன்றும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. 15 ஆடுகளில் 2 மட்டுமே 33, 34ஆம் நாட்களில் வந்தவை. மற்ற 13 ஆடுகளும் 23 முதல் 30 நாட்களுக்கு இடையில் திரும்பியிருந்ததால் அவற்றுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. எனவே 13ஆம் நாளைக் கடந்து உயிரோடிருந்த கருக்கள் அதன் பின் அழிந்திருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தேன்.

அடுத்த கேள்வி, அந்த ஆடுகளுக்கு 13ஆம் நாளுக்கும் 22ஆம் நாளுக்கும் இடையில் என்ன நேர்ந்தது என்பது. முதலில் வெயிலைத்தான் நினைத்தேன். கரூர்ப் பகுதியில் ஏப்ரலில் வெப்பம் 38, 39 டிகிரிக்குப் போவது புதிதல்ல. ஆனால் கடும் வெப்பம் கருவை அதிகமாகத் தாக்குவது கிடா சேர்ந்த முதல் சில நாட்களில். அப்போது அழியும் கரு, பருவத்தைத் தள்ளிப்போடாது. நான் வெயிலையே பற்றிக்கொண்டிருந்தபோது, காலண்டரில் ஏப்ரல் 10 என்ற கட்டத்தில் 'மருந்து' என்று எழுதியிருந்ததை அந்த அம்மா விரலால் சுட்டிக்காட்டினார்.

ஏப்ரல் 10

அன்று காலை எல்லா ஆடுகளுக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து வாயில் ஊற்றப்பட்டிருந்தது. கடையில் வாங்கிய 2.5 சதவீதக் கரைசல். ஆடு ஒன்றுக்கு 15 மில்லி. 24 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு இது 375 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குச் சற்று மேல். செம்மறிக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு கிலோவுக்கு 5 முதல் 7.5 மில்லிகிராம். சென்ற ஆண்டு கொடுத்தது வேலை செய்யவில்லை என்பதால் இரட்டிப்பாக ஊற்றியதாகக் கணவர் சொன்னார். அதே நாளில் துள்ளுமாரித் தடுப்பூசியும் போடப்பட்டது. மாலையில் கிடை போடுவதற்காக ஆடுகள் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேறொருவர் வயலுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன.

அல்பெண்டசோல் புழுவின் செல்களில் உள்ள நுண்குழல்களைக் கட்டவிடாமல் செய்து கொல்கிறது. வேகமாகப் பிரிந்து வளரும் கருவின் செல்களையும், அளவு கூடும்போது அது பாதிக்கக்கூடும். சினையின் முதல் மாதத்தில் இம்மருந்தைச் செம்மறிக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. கரு அழிவும், பிழைக்கும் குட்டிகளில் எலும்புக் குறைபாடும் பதிவாகியுள்ளன. இதை மருத்துவர்கள் அறிவோம். கடையில் புட்டியை வாங்கும் ஒருவர் அதன் சிறிய எழுத்தை வாசிப்பார் என்று எதிர்பார்ப்பது நம்முடைய குறை.

38 ஆடுகளையும் ஏப்ரல் 10 அன்று அவை சினையின் எத்தனையாவது நாளில் இருந்தன என்பதை வைத்து மூன்றாகப் பிரித்தேன். 9 முதல் 11ஆம் நாளில் இருந்தவை 7; அவற்றில் 2 இயல்பான நாளிலும் 1 தாமதமாகவும் திரும்பின. 12 முதல் 19ஆம் நாளில் இருந்தவை 18. அவற்றில் 2 இயல்பான நாளிலும் 11 தாமதமாகவும் திரும்பின. 20 முதல் 25ஆம் நாளில் இருந்தவை 13. அவற்றில் 2 இயல்பான நாளிலும் 3 தாமதமாகவும் திரும்பின. தாமதமாகத் திரும்பிய இந்த மூன்று ஆடுகளில் ஒன்று ஏப்ரல் 9 அன்றே, அதாவது மருந்துக்கு முந்தைய நாளே, பருவத்துக்கு வந்துவிட்டது. எல்லா மந்தைகளிலும் உருவான கருக்களில் ஒரு பகுதி எந்தக் காரணமும் புலப்படாமல் அழிகிறது. அது அந்த வகையைச் சேர்ந்தது.

கரு நீண்டு, தாய்க்குத் தன்னை அறிவித்து, சுவரோடு ஒட்டத் தொடங்கும் காலத்தில்தான் இழப்பு குவிந்திருந்தது. இருப்பினும் இந்தக் கணக்கில் ஒரு குருட்டு மூலை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். 9 முதல் 11ஆம் நாளில் மருந்து கிடைத்த ஆடுகளில் கரு அப்போதே அழிந்திருந்தால், அவை இயல்பான நாளில் திரும்பிக் கருவே உருவாகாதவை போலத் தோன்றியிருக்கும். அந்தப் பிரிவில் இயல்பாகத் திரும்பிய 2 ஆடுகள் அத்தகையவையா என்பதைக் காலண்டரால் பிரித்தறிய முடியாது.

ஏப்ரல் 10 என்ற நாளைத்தான் இந்தக் கணக்கு சுட்டுகிறது. மருந்தை மட்டும் சுட்டவில்லை. மருந்து, தடுப்பூசி, வெயிலில் நடை ஆகிய மூன்றும் ஒரே நாளில் நேர்ந்தன. இரட்டிப்பு அளவும், அந்த மருந்துக்கு ஏற்கெனவே உள்ள எச்சரிக்கையும் சேர்ந்து என் ஐயத்தை முதன்மையாக மருந்தின் மீது வைக்கின்றன. மற்ற இரண்டுக்கும் பங்கில்லை என்று என்னால் சொல்ல இயலாது.

எடுத்த முடிவுகள்

தொற்று நோயை விலக்காமல் மேலே செல்ல நான் விரும்பவில்லை. 10 ஆடுகளின் இரத்தத்தில் சினை இழப்பை உண்டாக்கும் புரூசெல்லா கிருமிக்கான ரோஸ் பெங்கால் சோதனை செய்ததில் எல்லாம் எதிர்மறையாக வந்தன. காய்ச்சலோ, பெண்ணுறுப்பில் கசிவோ, முற்றிய சினை வீசுதலோ (கருச்சிதைவோ) மந்தையில் இல்லை.

சினை தங்க ஊசி போட வேண்டும் என்ற கோரிக்கையை மறுத்தேன். திரும்பிய 21 ஆடுகளும் பருவத்துக்கு வந்த அன்றே மீண்டும் கிடா சேர்ந்திருந்தன. புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கும் அவற்றின் மஞ்சள் திரள் குறைபாடுடையது என்று கருத எந்தக் காரணமும் இல்லை. மறுத்ததை விளக்குவதற்குத்தான் நேரம் பிடித்தது. ஊசி போடாத மருத்துவர் வேலை செய்யாதவர் என்ற எண்ணம் ஊரில் ஆழமாக இருக்கிறது.

மே 6 அன்று கிடாக்களைப் பிரித்து, கடைசியாகக் கிடா சேர்ந்த நாளிலிருந்து 35 நாட்களுக்கு மருந்து, தடுப்பூசி, நெடுந்தூர நடை, மயிர் கத்தரித்தல் எதுவும் கூடாது என்று வரையறுத்தோம். முற்பகல் 11 முதல் பிற்பகல் 4 வரை ஆடுகள் வெள்வேல நிழலிலோ தென்னங்கீற்றுக் கொட்டகையிலோ நிற்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. புழுவுக்குப் பொதுவாக மருந்து தருவதைக் கைவிட்டு, வாரம் ஒருமுறை கீழ் இமையைத் திருப்பிப் பார்த்து, இரத்தச்சோகையால் அது வெளுத்திருக்கும் ஆட்டுக்கு மட்டும், சினையிலும் கொடுக்கத்தக்கதாகக் கருதப்படும் ஃபென்பெண்டசோலை எடை பார்த்துக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். 5 ஆடுகளுக்கு மட்டுமே அது தேவைப்பட்டது.

இழந்ததை ஈடுசெய்யும் ஆர்வத்தில், திரும்பிய ஆடுகளுக்குக் கம்பும் மக்காச்சோளமும் அள்ளி வைக்கக் கணவர் முனைந்தார். அதையும் நிறுத்தச் சொன்னேன். கிடா சேர்ந்த பிறகு முதல் இரண்டு வாரங்களில் மிதமிஞ்சித் தீனி கொடுத்தால், கல்லீரல் வழியே பாயும் இரத்தம் கூடி, புரோஜெஸ்ட்ரோன் விரைவாகச் சிதைந்து, இரத்தத்தில் அதன் அளவு தாழ்ந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 1980களில் செய்யப்பட்ட ஆய்வுகளில், இவ்வாறு அதிகமாகத் தீனி பெற்ற ஆடுகளில் சினை விகிதம் தெளிவாகக் குறைந்தது. ஆடு எடை குறையாமல் இருக்கும் அளவே போதும் என்று சொன்னபோது அந்த அம்மா சிரித்தார். கிடா சேர்ந்த ஆட்டை இப்படி ஊட்டக் கூடாது என்று அவருடைய மாமியார் சொல்லுவாராம்.

தொடர்ந்து நடந்தது

மே 18 அன்று, திரும்பாத 17 ஆடுகளையும் வயிற்றின் வழியே ஸ்கேன் செய்ததில் 16 சினையாக இருந்தன. ஒன்று வெறுமையாக இருந்தது. மீண்டும் கிடா சேர்ந்த 21 ஆடுகளை ஜூன் 20 அன்று ஸ்கேன் செய்தபோது 17 சினை. இவற்றில் ஏப்ரல் முற்பகுதியிலேயே இரண்டாம் முறை கிடா சேர்ந்து, மருந்து நாளில் முதல் வாரத்தில் இருந்த சில ஆடுகளும் உண்டு. வெறுமையாக இருந்த 4 ஆடுகளில் 2 அந்தச் சிலவற்றைச் சேர்ந்தவை.

முதல் தொகுதியின் 16 ஆடுகளும் ஆகஸ்டு மாதத்தில் ஈன்றன. ஒரு குட்டி முன்கால் வளைந்து பிறந்தது. அதன் தாய் ஏப்ரல் 10 அன்று சினையின் 18ஆம் நாளில் இருந்தது. மருந்தோடு பொருந்தும் நாள் அது. ஆனால் கால் வளைவுக்கு வேறு காரணங்களும் உண்டு; ஒரே குட்டியை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதால் அதைக் குறிப்பாக மட்டும் வைத்திருக்கிறேன். குட்டி பால் குடித்து வளர்ந்தது, மந்தையோடு நடக்க இயலவில்லை. இரண்டாம் தொகுதியின் 17 ஆடுகளில் 16 செப்டம்பர் இறுதிக்குள் ஈன்றன. ஒன்று நான்காம் மாதத்தில் சினை வீசியது. குட்டிகள் இரண்டு வயதுப் பிரிவாக வந்ததால் ஆடித் தள்ளுபடி போல விலை பேசிய வியாபாரியிடம் ஒரே தொகுதியாக விற்க முடியாமல் போனது, குடும்பத்துக்கு நேர்ந்த தெளிவான பண இழப்பு.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

நான் ஏப்ரல் 10க்கு முன்னரே அந்த மந்தையைப் பார்த்தவன். மார்ச் தொடக்கத்தில் ஒரு காய்ச்சலுக்காகச் சென்றபோது கிடா விடப்போவதைச் சொன்னார்கள். மருந்து எப்போது கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. புழு மருந்தும் தடுப்பூசியும் கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்னரே முடிந்திருக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

முறையீடு வந்த பிறகும் சிலவற்றைத் தவறவிட்டேன். சினையைப் பாதிக்கக்கூடிய நீலநாக்கு நோய்க்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கும் சோதிக்க இரத்தம் அனுப்பவில்லை. காலி மருந்துப் புட்டியைக் கேட்டபோது அது குப்பைக்குப் போயிருந்தது. அதனால் கரைசலின் செறிவுக்குக் கணவரின் நினைவே ஆதாரம். இரவில் சேர்ந்த கிடாயைக் காலண்டர் அறியாது என்பதும் குறையே.

அந்தக் கடைசிக் குறையை அடுத்த முறை கிடா விட்டபோது சரிசெய்தோம். ஆடி இறுதியில் மருந்தும் தடுப்பூசியும் முடித்து, மூன்று வாரம் கழித்து, ஓய்ந்திருந்த ஆடுகளோடு கிடாக்களை விட்டோம். கிடாயின் நெஞ்சில் சாயம் பூசினால், ஏறிய ஆட்டின் பின்புறத்தில் அடையாளம் விழும். முதலில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசினோம். செம்பழுப்பு ஆட்டின் மேல் காவி தெரியவே இல்லை. அதனால் முதல் 17 நாளுக்கு மஞ்சள் சாயம், அடுத்த 17 நாளுக்கு நீலம் என்று மாற்றினோம். மஞ்சளுக்கு மேல் நீலம் விழுந்த ஆடு திரும்பிய ஆடு. அந்தத் தொகுதியின் 12 ஆடுகளில் 2 இயல்பான நாளில் திரும்பின. ஒன்று 26ஆம் நாளில் திரும்பியது. அந்த ஒன்றின் கட்டத்தில் அம்மா ஏப்ரல் 10ஐப் போலவே ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று தேடினேன். கட்டம் வெறுமையாக இருந்தது.